காணாமல் தந்த பரிசில்



பெருஞ்சித்திரனார் என்னும் சங்கப் புலவர் ஒருமுறை அதியமான் நெடுமான் அஞ்சியை நாடிச் சென்றார். நெடுந்தொலைவு நடந்து வந்தவர். அதியமானோ கொடையிற் குறைந்தவன் அல்லன். ஆயினும் அன்று புலவரை நேரிற் காணாமலே, இதனைப் பெற்றுக்கொண்டு செல்வாராக என்று பரிசிலை அனுப்பிவைத்தான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். அந்த மறுப்பே புறநானூற்றின் 208ஆம் பாட்டாக நின்று நிலவுகிறது. முகம் பாராது தந்த பொருளை வாங்கிச் செல்லத் தாம் வணிகர் அல்லர் என்றும், தம்மைக் கண்டு, தம் தகுதி அறிந்து தருவதாயின் தினையளவே ஆயினும் அது தமக்கு இனியது என்றும் அவர் கூறுகிறார்.

மறுத்தவர் செல்வரா எனின், அல்லர். குமணனைப் பாடிய வேறு பாட்டுகளில் தம் முதிய தாயின் துயரையும், பால் வற்றிய மார்பைச் சுவைத்து அழும் குழந்தையின் பசியையும், அக்குழந்தையைத் தேற்ற வழியறியாத மனைவியின் நிலையையும் அவரே பாடியுள்ளார். வீட்டிலே அடுப்பெரியாத ஒருவர், வாயில்வரை வந்த பொருளைத் திருப்பி அனுப்பினார் என்பதுதான் அந்தப் பாட்டின் கனம். பொருள் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. பொருளுக்குப் பின்னே ஒரு முகம் வேண்டும் என்றார்.

இறைவனிடம் மனிதன் வேண்டுவது அருட்கொடைகளை மட்டுமா, அன்றி அவனோடு ஓர் உறவையா என்னும் வினா சமயவாதிகளுக்கே உரியது என்று கருதுவார் உண்டு. தமிழில் அது முதலில் புலவரின் வினாவாகவே எழுந்தது. புரவலன் வாயிலில் பிறந்த அந்த வினாவைப் பின்வந்த பக்திக் கவிஞர்கள் திருக்கோயில் வாயிலுக்குக் கொண்டு சென்றனர். பரிசில் பெறச் செல்வோர்க்கு வழி சொல்லும் ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை, திருமுருகாற்றுப்படையில் முருகனிடம் வழிப்படுத்தும் நூலாக மாறியதும் இவ்வழியே. அந்நூலின் முடிவில் முருகன் பரிசிலை யார் கையிலும் கொடுத்தனுப்புவதில்லை. தானே எழுந்து வந்து, தன் இளைய வடிவைக் காட்டி, அஞ்சாதே என்று சொல்லி அருளுகிறான். பெருஞ்சித்திரனார் கேட்டது அங்கே கிடைக்கிறது.

புகலூரில் இருவர்

இந்த வினாவுக்கு எளிய விடையொன்று உண்டு. கேட்பவன் தாழ்ந்தவன், கேளாதவன் உயர்ந்தவன் என்பது அது. மேடைகளிலும் கட்டுரைகளிலும் அடிக்கடி கேட்கப்படும் விடை. அது எவ்வளவு பொருந்தும் என்பதைத் திருப்புகலூரில் வைத்துப் பார்க்கலாம்.

சோழநாட்டில் நன்னிலத்தை அடுத்த அத்தலத்தில் திருநாவுக்கரசர் தம் இறுதிக்காலத்தில் உழவாரம் ஏந்திக் கோயில் வெளியைச் செதுக்கித் தொண்டு செய்திருந்தார். அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னின என்று பெரியபுராணம் கூறுகிறது. அவர் அவற்றைக் கல்லோடும் புல்லோடும் ஒன்றாகவே எண்ணி, உழவாரத்தால் வாரிக் குளத்தில் எறிந்தார்.

அதே புகலூருக்குச் சுந்தரர் வந்தார். திருவாரூரில் பங்குனி உத்திரத் திருநாளுக்குப் பரவையார் செய்யும் அறச்செலவுக்குப் பொன் வேண்டியிருந்தது. கோயில் திருப்பணிக்காக அடுக்கியிருந்த செங்கற்களை எடுத்துத் தலையணையாக வைத்து, அதன்மேல் மேலாடையை விரித்துக் கண்ணயர்ந்தார். விழித்தபோது செங்கற்கள் பொன்னாயிருந்தன. மகிழ்ந்து பாடி, எடுத்துக்கொண்டு ஆரூர் சென்றார்.

ஒரே தலம், ஒரே இறைவன், ஒருவர் பொன்னை எறிந்தார், மற்றவர் எடுத்துச் சென்றார். சேக்கிழார் இருவரையும் ஒரே அன்போடுதான் பாடுகிறார். ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தும் குறிப்பு எதுவும் அங்கே இல்லை. நாவுக்கரசர் அடிமை நெறியில் நின்றவர். ஆண்டவன் வீட்டுப் பொன் அடிமைக்கு எதற்கு? சுந்தரர் தோழமை நெறியில் நின்றவர்; தோழன் வீட்டுப் பொன்னை எடுக்கத் தயக்கம் எதற்கு? எறிந்ததும் உறவின் உரிமை; எடுத்ததும் உறவின் உரிமை. ஆகவே பொன்னைக் கொண்டு உறவை அளக்க இயலாது. கை நீட்டியவரையெல்லாம் வணிகர் என்று தள்ளிவிடவும் இயலாது.

வேண்டுதலே வாயிலாக

நோயுற்ற குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு கோயில் வரிசையில் நிற்கும் தாயிடம் சென்று, கொடையைக் கேளாதே, கொடுப்பவனைக் கேள் என்று உபதேசிப்பவர் பக்தி இலக்கியத்தைச் சரியாகப் பயின்றவர் ஆகார். ஏனெனில் அந்த இலக்கியத்தின் தலைவாயிலிலேயே ஒரு நோயாளி நிற்கிறார்.

தருமசேனர் என்ற பெயரோடு சமண சமயத்தில் தலைமை பெற்றிருந்த மருள்நீக்கியார், சூலைநோய் தாளாமல் இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்து தம் தமக்கை திலகவதியார் அடிகளில் விழுந்தார். நான்காம் திருமுறையின் முதற்பதிகம் அந்த வயிற்று வலியிலிருந்து பிறந்தது. குடலை முறுக்கும் வேதனையை அவர் மறைக்கவில்லை. அதை நீக்குமாறு நேராகவே கேட்டார். இது நூற்றுக்கு நூறு வேண்டுதல்தான். வலி நீங்கியது. கவனிக்க வேண்டியது அதன்பின் நடந்ததே. நோய் தீர்ந்தவர் மருத்துவரை மறந்து வீடு திரும்புவது உலக வழக்கம். நாவுக்கரசர் திரும்பவில்லை. வலி இருந்தபோது தொடங்கிய பேச்சு, வலி போன பின்னும், புகலூரில் உழவாரம் கீழே வைத்த நாள்வரை ஓயவில்லை.

காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதியிலும் இதே நகர்வு தெரிகிறது. 101 வெண்பாக்கள் கொண்ட அந்நூலின் முதற்பாட்டு, பிறந்து மொழி பயின்ற நாள் முதலாக அன்பு செய்துவரும் தம் துன்பத்தை எப்போது நீக்கப்போகிறான் என்று கேட்கிறது. அது விண்ணப்பம். அடுத்த பாட்டோ, அவன் துன்பத்தை நீக்காவிட்டாலும், இரக்கமே கொள்ளாவிட்டாலும், செல்லும் வழியைக் காட்டாவிட்டாலும் தம் நெஞ்சின் அன்பு அவனை விட்டு நீங்காது என்று முடிகிறது. விண்ணப்பத்திலிருந்து உறவுக்குச் செல்லும் தூரம் அம்மையாருக்கு ஒரே ஒரு வெண்பா. முதற்பாட்டை அவர் அழித்துவிடவில்லை. நீக்காமல் வைத்தே அடுத்த அடி எடுத்தார் என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பறை என்னும் சாக்கு

ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களும் இந்த நகர்வை நாடகமாகவே நடத்திக் காட்டுகின்றன. ஆயர்பாடிச் சிறுமியர் மார்கழி நீராடி நோன்பு நோற்கின்றனர். நாடு செழிக்க மழை வேண்டும். நோன்புக்குப் பறை வேண்டும். நாராயணன் பறை தருவான் என்ற உறுதியோடுதான் முதற்பாசுரம் தொடங்குகிறது. தோழியரை எழுப்பி, நந்தகோபன் மாளிகை வாயிலைத் தட்டி, நப்பின்னையைத் துயிலெழுப்பி, கண்ணன்முன் சென்று நிற்கும்வரை பறை, பறை என்றே பேச்சு நடக்கிறது.

26ஆம் பாசுரத்தில் பட்டியல் நீள்கிறது. சங்கும், பறையும், பல்லாண்டு பாடுவாரும், விளக்கும், கொடியும், விதானமும் வேண்டுமென்கின்றனர். 27ஆம் பாசுரத்தில் அணிகலன்களும் ஆடைகளும் வருகின்றன. முழங்கை வழியே நெய் வடியும் பாற்சோறும் வருகிறது. ஆனால் அந்தச் சோற்றை எல்லாரும் கூடியிருந்து உண்டு குளிர வேண்டும் என்ற ஆசையும் அங்கேயே நுழைந்துவிடுகிறது. மார்கழி 27ஆம் நாளைக் கூடாரவல்லி என்று கொண்டாடி அக்காரவடிசில் படைக்கும் வைணவ வழக்கம் இப்பாசுரத்தை ஒட்டியது. உணவை வேண்டிய இடத்தில் உடனிருத்தலும் வேண்டப்பட்டது. 28ஆம் பாசுரம் சிறுமியர் தம் வெறுங்கையைக் காட்டும் இடம். பசுக்களின் பின்னே காட்டுக்குச் சென்று உண்ணும் அறிவற்ற ஆயர் குலம் என்று தம்மைச் சொல்லிக்கொண்டு, இந்த உறவை இனி யார் நினைத்தாலும் அழிக்க முடியாது என்கின்றனர். அன்பு மிகுதியால் அவனைச் சிறுபெயரிட்டு அழைத்த பிழையைப் பொறுக்கவும் வேண்டுகின்றனர். அப்போதும் பறை கேட்பதை விடவில்லை.

29ஆம் பாசுரத்தில் திருப்பம் நேர்கிறது. கண்ணன் பறையைக் கொடுக்க முற்படுகிறான் போலும். இன்றைக்குப் பறையை வாங்கிச் செல்ல வந்தவர்கள் தாங்கள் அல்லர் என்று சிறுமியர் சொல்லிவிடுகின்றனர். எத்தனை பிறவி வரினும் அவனுக்கு உறவினராய், அவனுக்கே பணி செய்வோராய் இருக்க வேண்டும்; வேறு விருப்பம் நெஞ்சில் எழுமாயின் அதை அவனே மாற்றிவிட வேண்டும் என்பதே வேண்டுகோள்.

அப்படியானால் 28 பாசுரங்கள் பொய்யா? அல்ல. பறை என்ற சாக்கு இல்லாவிடில் அச்சிறுமியர் வீட்டைவிட்டு விடியலில் புறப்பட்டிருக்கமாட்டார்கள், அவ்வாயில்வரை வந்திருக்கமாட்டார்கள். கேட்கப்போன பொருள், கேட்கப்பட்டவன் முன்னிலையில் சிறுத்துப்போயிற்று. பறையை வெறுத்துத் துறந்தவர்கள் அல்லர் அவர்கள். அதைவிடப் பெரியதொன்றைக் கண்டபின் அதன்மேலிருந்த கண் தானே விலகிற்று. கடைசி விருப்பத்தையும் மாற்றித் தருமாறு அவனிடமே கேட்கின்றனர் என்பதில், கேட்டல் என்னும் செயல் முடியவேயில்லை என்பதும் புலனாகும்.

உறவின் விலை

கொடையைவிட உறவு உயர்ந்தது என்று சொல்வது எளிது. உறவு மலிவானது அன்று. கொடையைப் பெற்றவன் பெற்றதோடு போகலாம். உறவை ஏற்றவன் அது கொண்டுவரும் இழப்பையும் ஏற்கவேண்டும்.

காரைக்கால் வணிகர் குலத்துப் புனிதவதியாருக்கு இறைவன் தந்த முதற்கொடை ஒரு மாங்கனி. கணவன் பரமதத்தன் அனுப்பிய இரு கனிகளில் ஒன்றைச் சிவனடியார்க்கு அமுதோடு படைத்தார். மற்றொன்றை உண்ட கணவன் இரண்டாவதையும் கேட்டபோது, செய்வதறியாது இறைவனை நினைந்தார். கையில் கனி வந்தது. அதன் சுவை வேறாக இருந்ததால் கணவன் ஐயுற்றான். உண்மையைக் கேட்டு, மேலும் ஒரு கனி வரவழைக்கச் சொன்னான். அதுவும் வந்து அவன் கையில் மறைந்தது. அந்த அருட்கொடையே அக்குடும்பத்தை முறித்தது. அஞ்சிய கணவன் அவரைவிட்டு நீங்கிப் பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே இட்டான். தேடி வந்த புனிதவதியின் காலில் மனைவி மகளோடு விழுந்து வணங்கினான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார் அவர்.

கயிலை மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றவரைச் சிவபெருமான் ‘அம்மையே’ என்று அழைத்தான் என்பது சேக்கிழார் வாக்கு. தாயில்லாதவன் ஒரு தாயைப் பெற்றான். அம்மையார் அப்போது கேட்டவற்றில் மாங்கனி போன்ற பொருள் ஒன்றுமில்லை. அழியாத அன்பு வேண்டும், பிறவாமை வேண்டும், பிறக்க நேரின் அவனை மறவாமை வேண்டும், அவன் ஆடும்போது பாடிக்கொண்டே அவன் அடிக்கீழ் இருக்க வேண்டும். திருவாலங்காட்டில் அந்த இடம் கிடைத்தது. வீடும், கணவனும், உருவும் போன பின் கிடைத்த இடம் அது. அந்த விலையை மறந்துவிட்டு அவர் பெற்ற பேற்றை மட்டும் புகழ்வது முறையன்று.

சுந்தரர் தந்த விலை வேறு. திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்து, பின் ஆரூர் வசந்தவிழாவின் நினைவு தாளாமல் ஊரெல்லையைக் கடந்தபோது இரு கண்ணும் ஒளியிழந்தன. நெல்லும், பொன்னும் கேட்ட போதெல்லாம் கொடுத்த தோழன் கண்ணை எடுத்துக்கொண்டான். திருவெண்பாக்கத்தில் கோயிலுள் இருக்கிறாயோ என்று சுந்தரர் கேட்க, இருக்கிறோம், நீ போ என்பதுபோல் ஒரு விடையும், ஊன்றுகோல் ஒன்றும் கிடைத்தன. காஞ்சியில் இடக்கண் திரும்பியது. வலக்கண் திரும்பியது திருவாரூரில்.

ஆரூரில் அவர் பாடியதைப் பணிவான வேண்டுதல் என்று யாரும் சொல்ல முடியாது. தாம் அடகுப்பொருள் அல்லர், விரும்பி ஆளானவர், வேண்டுமானால் விற்றுக்கொள்ளலாம், கண்ணைப் பறித்ததால் பழி இறைவனுக்கே என்கிறார். அடியார் அல்லலைப் பாராமல் இருப்பதானால் அவனே நன்றாக இருந்துகொள்ளட்டும் என்று கடிந்தும் கொள்கிறார். திருமணப் பந்தலில் ஆளோலை காட்டி வழக்குரைத்து வந்த முதியவனைப் பித்தன் என்று வைததில் தொடங்கிய உறவல்லவா அது? அந்த ஏச்சையே பாட்டின் முதற்சொல்லாக்கி வழக்கில் வென்றவன் இறைவன். ஓலையில் தொடங்கிய உறவு, அடகு, விற்பனை என்ற ஓலைச் சொற்களாலேயே மீண்டும் வாதாடுகிறது. பயன் ஒன்றையே கருதி வழிபடுபவன் பயன் நின்றதும் வேறு வாயிலைத் தேடுவான். சுந்தரர் கண்ணில்லாத நிலையிலும் அதே வாயிலுக்குத் தடவித் தடவி வந்து சண்டையிட்டார். சினந்துகொள்ளும் உரிமையும், சினந்த பின் விட்டுப்போக முடியாமையும் சேர்ந்ததே தோழமை.

இவ்வுண்மையையே குலசேகராழ்வார் வித்துவக்கோட்டுப் பதிகத்தில் இரண்டு உவமைகளால் உணர்த்துகிறார். சினந்து தள்ளிய தாயின் அருளையே நினைந்து அழும் குழந்தை ஒன்று. அறுத்துச் சுடும் மருத்துவனிடம் அன்பு மாறாத நோயாளி மற்றொன்று. பாடியவர் முடிமன்னர் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

கவிஞர்க்கு ஒரு சொல்

புகலூரில் பொன்பெற்ற அன்று சுந்தரர் பாடிய பதிகம் புலவர்களை விளித்துப் பாடப்பட்டது. வலிமையற்றவனை வீமன் என்றும் விசயன் என்றும் புகழ்ந்தாலும், ஈயாதவனைப் பாரி என்று பாடினாலும் கைக்கு ஒன்றும் வாராது, புகலூரைப் பாடுங்கள், இம்மையில் சோறும் துணியும் கிடைக்கும், மறுமையிலும் ஐயமில்லை என்று அவர் சொல்கிறார். சோறும் துணியும் என்று சொல்ல அவர் கூசவில்லை. பசித்த புலவனுக்குச் சோற்றைப் பற்றிச் சொல்லாத ஆன்மிகம் அவருக்குத் தெரியாது. அவர் மாற்றச் சொன்னது யாரைப் பாடுவது என்பதை. பொய்ம்முகத்துக்குமுன் செய்யும் பாட்டு, சோறு தந்தாலும் தராவிட்டாலும் பாடியவனைத் தேய்த்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த மரபை வாங்கிக்கொண்டவர் பாரதியார். பராசக்தியிடம் ஒரு காணி நிலமும், அதில் மாளிகையும், கிணறும், தென்னை மரங்களும், நிலவொளியும், குயிலோசையும் கேட்கிறார். கூசாத பட்டியல் அது. பட்டியலின் முடிவில், தம் பாட்டின் வலிமையால் உலகைக் காக்கும் பேறும் கேட்கப்படுகிறது. தமக்கென்று தொடங்கிய வேண்டுகோள் உலகத்துக்கென்று விரிகிறது. 1917இல் நூலாக வெளிவந்த கண்ணன் பாட்டிலோ பட்டியலுக்கே இடமில்லை. தாய், தந்தை, தோழன், சேவகன், அரசன், சீடன், குரு, குழந்தை, காதலன், காதலி, ஆண்டான் எனக் கண்ணன் உறவு உறவாக வந்து நிற்கிறான். கூலி கேளாமல் வேலை செய்யும் சேவகனாகவும், சொன்ன பேச்சுக் கேளாத சீடனாகவும் இறைவனை வீட்டுக்குள் கொண்டுவந்த துணிவு, சுந்தரரின் ஏச்சுக்கும் ஆண்டாளின் சிறுபெயருக்கும் உறவுடையது.

கவிதையும் வழிபாட்டைப் போன்றதே. பரிசும், பாராட்டும், பெயரும் வேண்டித் தமிழின் வாயிலுக்கு வருவதில் இழிவு ஒன்றுமில்லை. பெரும்பாலோர் அந்தப் பறையைக் கேட்டுக்கொண்டுதான் இளமையில் விடியலில் எழுந்து புறப்பட்டிருப்பர். பத்து ஆண்டுகள் ஒரு வட்டமாக அமர்ந்து பாட்டைப் பேசியவர்கள், பறை கிடைத்த பின்னும் கிடையாத பின்னும் அவ்வாயிலில் நிற்கிறார்களா என்பதைத் தம்முள் கேட்டுக்கொள்ளலாம். பரிசு வராத ஆண்டிலும் எழுதிய வரி எது, பாராட்டு வந்த பின்னும் திருத்திய வரி எது என்று தேடிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

நோயாளியாக வந்தவர் தொண்டராக நின்றார். பறை கேட்டு வந்தவள் உறவு கேட்டு நின்றாள். பொன் கேட்டவர் கண்ணிழந்த பின்னும் தோழனாகவே நின்றார். வேண்டியது கிடைத்ததும் திரும்பிவிடும் அவசரம் இவர்களுக்கு இல்லை. தினையளவே ஆயினும் கண்டு தர வேண்டும் என்று அதியமான் வாயிலில் நின்ற அந்த ஏழைப் புலவர் இவர்களுக்கெல்லாம் மூத்தவர். அவர் வீட்டில் அன்று அடுப்பு எரிந்ததா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. அவர் காண விரும்பிய முகத்தை மட்டும் சொல்லி நிற்கிறது.